கேட்கிற விதம்

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். ஒன்பது ஆண்டுகளாக மஸ்கட்டில் செவிலியராகப் பணிபுரிகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் இங்குள்ள தமிழ்ச் சபையின் ஆராதனைக்குத் தவறாமல் செல்கிறேன். பணி முடிந்து அறைக்குத் திரும்பியதும் யூடியூபில் இரண்டு மூன்று ஊழியர்களின் செய்திகளையாவது கேட்டுவிட்டுத்தான் உறங்குவேன். அப்பா காலமான பிறகு ஊரில் அம்மா தனியாக இருக்கிறார்கள். என் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பதா, ஊருக்கே திரும்பிவிடுவதா என்று ஐந்து மாதங்களாக ஜெபித்துவருகிறேன். 'இன்றைய செய்தியில் கர்த்தர் என்னோடு பேசினார்' என்று என் அறைத்தோழி அடிக்கடி சொல்கிறாள். எனக்கு அப்படி எதுவும் நேரவில்லை. ஒரு நாள் ஆபிரகாமைக் குறித்துப் பேசியவர் 'புறப்பட்டுப் போ' என்றார். மறுநாள் வேறொருவர் 'காத்திரு' என்றார். அடுத்த மாதம் நான் விடுமுறையில் வரும்போது எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடைபெறுகிறது. அங்கே கர்த்தர் எனக்குச் சொல்வதைத் தவறவிடாமல் கேட்பதற்கு நான் எப்படி ஆயத்தப்பட வேண்டும்?

ம., மஸ்கட்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

எந்த ஊழியரின் செய்தியைக் கேட்கலாம் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். எப்படிக் கேட்பது என்று கேட்டவர்கள் மிகச் சிலர். விதைக்கிறவன் உவமையைச் சொன்ன பிறகு இயேசு கொடுக்கும் எச்சரிப்பு மாற்கு சுவிசேஷத்தில் 'நீங்கள் கேட்கிறதைக் கவனியுங்கள்' என்று இருக்கிறது. லூக்காவிலோ 'நீங்கள் கேட்கிற விதத்தைக்குறித்துக் கவனியுங்கள்' என்று இருக்கிறது. அந்த உவமையில் விதைக்கிறவன் ஒருவன்தான், விதையும் ஒரே விதைதான்; வழியருகே விழுந்ததற்கும் நல்ல நிலத்தில் விழுந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் நிலத்தில் இருக்கிறது. உங்கள் கேள்வி அந்த நிலத்தைப் பற்றியது என்பதால் மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன்.

துறவிகளின் தந்தை என்று அழைக்கப்படும் அந்தோணியாரின் வாழ்வை அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியார் நான்காம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். எகிப்தியக் கிராமத்து இளைஞரான அந்தோணியாருக்கு அப்போது வயது பதினெட்டோ இருபதோ. பெற்றோர் இறந்து ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை; ஒரு தங்கையும், 300 அரூரா, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர் வளமான நிலமும் அவர் பொறுப்பில் இருந்தன. வழக்கம்போல ஆலயத்துக்கு நடந்துபோகையில், அப்போஸ்தலர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எப்படி இயேசுவைப் பின்பற்றினார்கள் என்றும், ஆதிச் சபையார் தங்கள் உடைமைகளை விற்று எப்படி ஏழைகளுக்குப் பகிர்ந்தார்கள் என்றும் எண்ணிக்கொண்டே போனார். அவர் உள்ளே நுழைந்த நேரத்தில், உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று ஐசுவரியவானான வாலிபனிடம் இயேசு சொன்ன பகுதி வாசிக்கப்பட்டது. தனக்கென்றே அது வாசிக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நிலத்தை ஊராருக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று அந்த ஆலயத்தில் இருந்த எல்லாரும் அதே வசனத்தைக் கேட்டார்கள், ஆனாலும் இவருக்கு அது தனிப்பட்ட கட்டளையாக வந்து சேர்ந்ததற்கு வாசித்தவரின் குரலோ உருக்கமோ காரணம் என்று அத்தனாசியார் எழுதவில்லை. வரும் வழியில் இவர் எதை எண்ணிக்கொண்டு வந்தார் என்பதைத்தான் கவனமாகப் பதிவுசெய்கிறார். நிலத்தை விற்பதா வேண்டாமா என்ற கேள்வியோடு அவர் வரவில்லை. கர்த்தரைப் பின்பற்றுவது என்றால் என்ன என்ற அதைவிடப் பெரிய கேள்வி அவர் மனதில் இருந்தது; நிலத்தைப் பற்றிய பதில் அதற்குள்ளிருந்து வந்தது. ஆலயத்துக்கு நடந்துபோகும் அந்தப் பதினைந்து நிமிடங்களை நாம் பெரும்பாலும் கைப்பேசியிலும் வீட்டுப் பேச்சிலும் செலவழித்துவிடுகிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இதற்கு நேர்மாறான ஒரு கூட்டத்தை எரேமியாவின் 42, 43-ஆம் அதிகாரங்கள் காட்டுகின்றன. எருசலேம் அழிந்து, பாபிலோனிய அரசன் நியமித்த அதிபதி கெதலியாவும் மிஸ்பாவில் கொலையுண்ட பின்பு, மீதியாயிருந்த ஜனங்கள் யோகனானின் தலைமையில் எகிப்துக்குப் போகும் எண்ணத்துடன் பெத்லகேமுக்கு அருகே வந்து தங்கியிருந்தார்கள். நாங்கள் நடக்கவேண்டிய வழியைக் கர்த்தரிடம் விசாரித்துச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று எரேமியாவிடம் அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பத்து நாள் சென்ற பிறகே தீர்க்கதரிசிக்கு வார்த்தை வந்தது. ஐந்து மாதங்களாகப் பதில் வரவில்லையே என்று வருந்தும் நீங்கள், எரேமியாவே பத்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எகிப்துக்குப் போகாதிருங்கள் என்று பதில் வந்ததும், 'நீ பொய் சொல்லுகிறாய்' என்றார்கள். எரேமியாவின் எழுத்தரான பாருக்கைச் சுட்டி, அவன்தான் உன்னை எங்களுக்கு விரோதமாக ஏவிவிட்டான் என்றும் குற்றஞ்சாட்டினார்கள். அவர்கள் கேட்டது வழியை அல்ல, தாங்கள் ஏற்கெனவே தெரிந்தெடுத்த வழிக்கு ஒரு முத்திரையை.

அந்தப் பாருக்கை நம் சபைகளிலும் பார்க்கிறேன். செய்தி நெஞ்சில் தைத்தவுடனே, 'நம் வீட்டுக் காரியத்தைப் போதகர் ஐயாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள்' என்று நினைப்பது எவ்வளவு இயல்பாக வந்துவிடுகிறது! நானே அப்படி நினைத்திருக்கிறேன். எங்கள் குடும்ப நிலத்தின் வரப்பைக் குறித்து என் அண்ணனோடு ஏழு ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலத்தில், வழக்குத் தொடரலாமா என்பதற்குக் கர்த்தருடைய சித்தத்தை அறிய ஈஸ்டருக்கு முந்தின லெந்து என்னும் தவக்காலம் முழுவதும் ஓர் ஆண்டு உபவாசித்தேன். ஒரு ஞாயிறு, பலிபீடத்தண்டையில் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற வசனத்தின்மேல் பிரசங்கம் நடந்தது. அண்ணன்தான் இதைப் போதகரிடம் சொல்லிப் பேசவைத்தான் என்று உறுதியாக நம்பி, பாதி ஆராதனையில் எழுந்து வீட்டுக்கு வந்தேன். அந்த ஞாயிறுக்குத் திருச்சபை நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருந்த சுவிசேஷ பாடமே அதுதான் என்பதை மாதங்கள் கழித்து அறிந்தேன். முந்தின இரவு அதை ஒருமுறை வாசித்திருந்தால் இந்தப் பாவத்துக்கு இடமிருந்திருக்காது.

ஆகவே நான் உங்களுக்கு முதலில் சொல்வது மிக எளிய காரியம்: ஆராதனைக்குரிய வேதபாடங்களை முந்தின இரவே நிதானமாக வாசியுங்கள், கன்வென்ஷன் நோட்டீஸில் தலைப்பு வசனம் இருந்தால் அது அமைந்துள்ள அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள். வசனத்தை முன்பே அறிந்தவருக்குப் பிரசங்கியாரின் சொந்தக் கருத்து எது, வேதம் சொல்வது எது என்று பிரித்தறிய முடியும். பெரோயா பட்டணத்தார் பவுலின் வார்த்தையையே மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டு, பின்பு காரியங்கள் அப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள். ஆவலும் ஆராய்ச்சியும் ஒரே மனதில் இருக்க முடியும் என்பதற்கு அவர்கள் சாட்சி.

ஆராதனையின் தொடக்கத்துக்கே போய்விடுங்கள். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில் திருவிருந்து ஆராதனையின் பாவ அறிக்கை பிரசங்கத்துக்குப் பின்னால் வரும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் தனக்கென ஓர் ஆராதனை முறையை அமைத்துக்கொண்டபோது, பாவ அறிக்கையை வேதபாடங்களுக்கும் பிரசங்கத்துக்கும் முன்னால், ஆயத்தம் என்ற பகுதியில் வைத்தார்கள். அறிக்கையிட்ட உள்ளத்தில்தான் வார்த்தை இறங்கும் என்ற புரிதலை அந்த ஒழுங்கில் நான் காண்கிறேன். பிரசங்கத்துக்குச் சரியாக வந்து சேர்ந்தால் போதும் என்று நினைக்கிற நம் மக்கள் உழாத நிலத்தோடு வந்து அமர்கிறார்கள். கன்வென்ஷன் கூட்டங்களில் இந்த முறைமை இருக்காது. பாடல் வேளைக்குப் பிறகு நேராகச் செய்திதான். ஆகையால் அந்த அறிக்கையை வீட்டிலேயே செய்துவிட்டு வாருங்கள்.

இரவுதோறும் கேட்கும் யூடியூப் செய்திகளை ஊருக்கு வரும் வரையாவது நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நல்ல ஊழியர்கள் இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் ஒரே இரவில் மூன்று செய்திகளைக் கேட்கிறவருக்கு ஒன்றுக்காவது கீழ்ப்படிய நேரமில்லை. புத்தாண்டு ஆராதனையில், அந்த ஆண்டுக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுக்கும் வழக்கம் நமக்கு உண்டு. என் வேதாகமத்துக்குள்ளும் பல ஆண்டுகளின் அட்டைகள் இருக்கின்றன. செய்திகளையும் அப்படியே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினால், விரும்பிய வார்த்தை வரும்வரை எடுத்துக்கொண்டே இருப்போம். 'புறப்பட்டுப் போ' என்பதும் 'காத்திரு' என்பதும் உங்களுக்கு ஒன்றுக்கொன்று எதிராகத் தோன்றியிருக்கின்றன. புறப்படுவது எங்கிருந்து? மஸ்கட்டைவிட்டா, அம்மாவின் வீட்டைவிட்டா? உங்கள் கடிதம் அதைச் சொல்லவில்லை. கேட்ட அந்தக் கணத்தில் உங்கள் மனம் அதற்கு ஒரு திசையை வைத்தது. அது எந்தத் திசை என்று கர்த்தருக்கு முன்பாக உண்மையாகச் சொல்லிவிடுங்கள். யோகனானின் கூட்டத்தார் சொல்லாமல் மறைத்தது அதைத்தான்.

கன்வென்ஷனில் ஒரு வார்த்தை உங்களைத் தொட்டால் அன்றிரவே முடிவெடுக்காதீர்கள். அதை ஒரே வாக்கியமாக எழுதிவைத்து, இசையும் கூட்டமும் இல்லாத ஒரு சாதாரண நாளில், காலையில் எடுத்துப் பாருங்கள். அப்போதும் அது உங்களை விடாமல் பிடித்திருக்கிறதா, உங்களை அறிந்த முதிர்ந்த விசுவாசி ஒருவர் அதைக் கேட்டு ஆமென் சொல்கிறாரா என்று பாருங்கள். மேடையிலிருந்து யாராவது உங்களைப் பெயர்சொல்லி அழைத்து வேலையை விடு என்றோ விடாதே என்றோ சொன்னால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதையே கர்த்தருடைய கட்டளையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்தை நிறுத்தச் சொன்னாலோ காணிக்கையை நிபந்தனையாக வைத்தாலோ கேட்கவே வேண்டாம். செவிலியராகிய உங்களுக்கு முதலாவதை நான் விளக்கத் தேவையில்லை.

உங்கள் கடிதத்தை மறுபடியும் வாசித்தபோது ஒன்றைக் கவனித்தேன். அம்மா தனியாக இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன விரும்புகிறார்கள் என்று எங்கும் எழுதவில்லை. நிலத்தைக் கொடுத்த அந்தோணியார் தங்கையின் பராமரிப்புக்கென்று முதலில் கொஞ்சம் எடுத்துவைத்தார். நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற வசனத்தை மறுபடியும் ஆலயத்தில் கேட்டு அதையும் ஏழைகளுக்குக் கொடுத்தபோது, நம்பிக்கைக்குரிய கன்னியரிடம் தங்கையை ஒப்படைத்துவிட்டே தன் வழியில் போனார். ஊருக்கு வந்ததும், கன்வென்ஷனின் முதல் நாளுக்கு முன்பாக, ஒரு மாலை அம்மாவோடு உட்கார்ந்து அவர்களைப் பேசவிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் கேளுங்கள். பிறகு கூட்டத்துக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

அன்புடனும் ஜெபத்துடனும்.