இலைக் கணக்கு நோட்டு போதுமா?

கேள்வி: மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் 500-க்கு 478. அமெரிக்காவில் உதவித்தொகையோடு படிக்க ஆசைப்படுகிறாள். மார்க் மட்டும் போதாது, சமூக சேவை, தலைமைப் பண்பு என்று சர்டிபிகேட் வேண்டும், 40,000 ரூபாய் கட்டினால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். எங்களுக்கு முக்கால் ஏக்கர் தேயிலை. லீவில் கொழுந்து பறிப்பாள், பேக்டரிக்குப் போகும் இலைக்கு மூன்று வருடமாகக் கணக்கு எழுதுகிறாள், பக்கத்து வீட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து. வேறொன்றும் இல்லை. கட்டலாமா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. வேறொன்றும் இல்லை என்கிறீர்களே, அந்தக் கல்லூரிகள் கேட்பதே அதைத்தான்.

நம்மூர் இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி 200-க்குக் கட்-ஆப் போட்டால் முடிந்தது. அங்கே மார்க் நன்றாக இருக்க வேண்டும்தான், ஆனால் நல்ல மார்க்கோடு ஆயிரக்கணக்கானோர் வந்து நிற்பதால், இந்தப் பெண் தன் நேரத்தை எப்படிச் செலவழித்தாள், எதைப் பொறுப்பாக எடுத்துச் செய்தாள் என்று பார்க்கிறார்கள். பல கல்லூரிகளுக்குப் பொதுவான ‘காமன் ஆப்’ விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுதலாம், அதில் வீட்டுப் பொறுப்பு, வேலை இரண்டுக்குமே தனி வகை உண்டு. ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துதான் என்பதால் ‘அம்மாவுக்கு உதவினேன்’ என்று வீணாக்க வேண்டாம். எத்தனை வருடம், வாரத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை வீட்டுக் கணக்கு என்று எண்ணோடு எழுதட்டும்.

அப்புறம் 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை. மழைக்காலத்தில் ஈரத்துக்கு என்று எடையைக் கழித்திருந்தால், அதை நோட்டில் பார்த்து அவள் என்ன கேட்டாள், என்ன பதில் வந்தது, அதை அவளே எழுதட்டும். காசு கொடுத்து எழுதி வாங்கினால் அவள் குரல் அதில் இருக்காது.

பணம்தான் பெரிய கவலை, தெரிகிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில் மட்டும், வெளிநாட்டு மாணவர் என்றாலும் கட்ட முடியுமா என்று பார்க்காமல் தேர்வு செய்து, தேவைப்படும் உதவியை முழுசாகத் தருகிறார்கள். இடம் கிடைப்பது மிகக் கடினம். அதனால் நம்மூர்க் கல்லூரிகளுக்கும் கட்டாயம் விண்ணப்பிக்கட்டும்.

ஆசிரியர் கடிதமும் கேட்பார்கள். அவளை நன்றாகத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களிடம் இந்த வருடமே சொல்லி வையுங்கள், நோட்டையும் காட்டச் சொல்லுங்கள். பிளஸ் டூ டிசம்பரில் போய் நின்றால் ‘ஒழுக்கமான மாணவி’ என்று நாலு வரிதான் கிடைக்கும்.