ஆப் 7 போட்டது, டாக்டர் 4 போட்டார்

கேள்வி: அம்மாவுக்குக் காய்ச்சல், தொண்டை வலி என்று அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது, மருந்தை நிறுத்தியதும் மெல்ல அடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்தாகவும் இருக்கலாம், 4 மார்க்தான் வருகிறது" என்றார். பக்கவிளைவைக் கணக்கிடும் ஆப்பில் நான் போட்டுப் பார்த்தால் 7 மார்க், 'வாய்ப்பு அதிகம்' என்கிறது. யாரை நம்புவது?

பதில்: டாக்டரை. ஆனால் ஆப் பொய் சொல்லவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் கூட்டிக் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரி ஆப்கள் பலவற்றுக்குள்ளே இருப்பது 1981-ல் வந்த நாரஞ்சோ அளவுகோல், அதாவது வந்த தொந்தரவுக்கு மருந்துதான் காரணமா என்று மார்க் போட்டுப் பார்க்கும் முறை. மொத்தம் பத்துக் கேள்விகள். 9-ம் அதற்கு மேலும் வந்தால் நிச்சயம், 5 முதல் 8 வரை வாய்ப்பு அதிகம், 1 முதல் 4 வரை இருக்கலாம், பூஜ்யமோ அதற்குக் கீழோ போனால் சந்தேகம்தான்.

அம்மா கதையைப் போட்டுப் பார்ப்போம். இந்த மருந்தால் தடிப்பு வரும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம், அதற்கு 1. மருந்து சாப்பிட்ட பிறகு வந்தது, 2. நிறுத்தியதும் குறைந்தது, 1. டாக்டர் நேரில் பார்த்து உறுதி செய்தார், 1. ஆக 5. இனி 'வேறு ஏதாவது காரணம் இருக்க முடியுமா?' என்ற கேள்விதான் பாக்கி: 'இல்லை' என்று தட்டினால் 2 கூடி 7, 'ஆம்' என்றால் 1 கழிந்து 4. நீங்கள் 'இல்லை' என்று தட்டியிருப்பீர்கள். வைரஸ் காய்ச்சலே உடம்பில் தடிப்பைக் கிளப்பும் என்பது டாக்டருக்குத் தெரியும், அதனால் அவர் 'ஆம்' என்றிருப்பார். தெரியாத கேள்விக்கு 'தெரியாது' என்று போடுங்கள், அதற்கு 0தான், வெட்கமில்லை.

இன்னொன்று, 'மருந்தை மறுபடி கொடுத்தபோது திரும்ப வந்ததா?' என்றும் ஒரு கேள்வி உண்டு, அதற்கும் 2 மார்க். அந்த 2-க்கு ஆசைப்பட்டு வீட்டில் ஒரு மாத்திரையைக் கொடுத்துப் பார்த்துவிடாதீர்கள்! அப்புறம், உதடு அல்லது முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, வாயில் புண்ணோ தோலில் கொப்புளமோ வந்தாலோ ஆப்பைத் திறக்கவே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: 4 மார்க்தான் என்றால் புகாராகப் பதிவு செய்ய வேண்டாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், சந்தேகம் இருந்தாலே போதும். மார்க் போடும் ஆப் வேறு, மருந்துப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் அனுப்பும் ஆப் வேறு. இரண்டாவதில் முக்கியமாகக் கேட்பது நாலு விவரம்: யாருக்கு வந்தது, யார் சொல்கிறார்கள், எந்த மருந்து, என்ன ஆனது. ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, கூடவே சாப்பிட்ட மற்ற மாத்திரைகள், இவற்றையும் எழுதுங்கள். அட்டையைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்களே? அதிலுள்ள பேட்ச் நம்பரும் வேண்டும்.