வெள்ளம் இயற்கை, அதில் மனித உரிமை எங்கே வந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "மழை பெய்ததற்கு யார் மேல் கேஸ் போடுவது?" அவர் கிண்டலுக்குக் கேட்கிறார். 2023 டிசம்பரில் என் சித்தப்பாவும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார், ஆனால் கிண்டலுக்கு அல்ல.

சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஏக்கர் சொச்சம் வயலைக் குத்தகைக்குப் பார்க்கிறார் சித்தப்பா. அந்த வருஷப் பிசானத்துக்கு, அதாவது குளிர்கால நெல் போகத்துக்கு, நட்டு இருபது நாள்கூட ஆகவில்லை. டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் மழை விடவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. என்றார்கள். அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கவே அவ்வளவு பெய்யாது. மலையில் பெய்ததும் அணைகளில் திறந்துவிட்டதும் சேர்ந்து தாமிரபரணி கரை எது ஆறு எது என்று தெரியாமல் போனது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் நட்ட இடமெல்லாம் மணல் மேவிக் கிடந்தது. "பயிரு போனா அடுத்த பூவுல பாத்துக்கிடலாம்லே, வயலே போச்சே" என்றார்.

பயிர்ச் சேதத்துக்கு அரசுப் பணம் வந்தது, ஆனால் சித்தப்பாவுக்கு வரவில்லை. பட்டாவும் அடங்கலும் நிலத்துக்காரர் பேரில் இருக்கின்றன, குத்தகைக்கு எழுத்து எதுவும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல்தான். விதை, உரம், நடவுக் கூலி எல்லாம் சித்தப்பா கைக்காசு. பணம் சென்னையில் இருக்கிற நிலத்துக்காரர் கணக்கில் ஏறியது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் சித்தப்பாவைக் கூப்பிட்டு ஒரு வேட்டி சட்டையும் ஆயிரம் ரூபாயும் கொடுத்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். உரிமை என்றால் என்ன என்று எனக்குப் புரிய வைத்தது அந்த வேட்டி சட்டைதான். சேர வேண்டிய பாக்கி வெகுமதியாக வந்தது. சித்தப்பா கும்பிட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது உலகத்துக்கு வருவோம். எங்கள் வெள்ளத்துக்கு நாலு நாள் முன்னால், டிசம்பர் 13-ல், துபாயில் ஐ.நா. பருவநிலை மாநாடு முடிந்திருந்தது. ஏழை நாடுகளின் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியை அங்கே முதல் நாளிலேயே தொடங்கி வைத்தார்கள். எல்லா நாடுகளும் சேர்ந்து தருவதாகச் சொன்னது சுமார் 70 கோடி டாலர். அதில் அமெரிக்காவின் பங்கு 1.75 கோடி டாலர். தொழிற்புரட்சி தொட்டு உலகம் காற்றில் விட்ட கரியமில வாயுவில் கிட்டத்தட்ட கால்வாசி அந்த ஒரு நாட்டுக் கணக்கில் இருக்கிறது. 2025-ல் அந்த நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டார்கள்.

இது ஏன் வெகுமதியாகவே வருகிறது? இங்கேயும் எழுத்து இல்லை, இன்னும் சரியாகச் சொன்னால் எதிர் எழுத்துதான் இருக்கிறது. 2015 பாரிஸ் ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு இழப்பையும் சேதத்தையும் பற்றிப் பேசுகிறது. அந்தப் பிரிவை வைத்து யாரும் பொறுப்போ நஷ்டஈடோ கோர முடியாது என்று, ஒப்பந்தத்தை ஏற்ற அதே தீர்மானத்தில் பணக்கார நாடுகள் எழுதி வாங்கிக்கொண்டன. 'உதவி கேள், செய்கிறோம். கணக்கு கேட்காதே' என்பதுதான் அதன் பொருள்.

அந்தக் கணக்கைக் கேட்கத்தான் மனித உரிமை என்ற வார்த்தை தேவைப்படுகிறது. 2019-ல் பசிபிக் தீவுகளின் சட்ட மாணவர்கள் சிலர் கிளப்பிய யோசனையை வனுவாட்டு என்ற சின்ன நாடு கையில் எடுத்து ஐ.நா. வழியாக சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, அதை மீறினால் இழப்பீடு வரை போகலாம் என்று 2025 ஜூலை 23-ல் நீதிமன்றம் சொன்னது. ஆலோசனைக் கருத்துதான், ஜப்திக்கு ஆள் வராது. ஆனாலும் வாய்ச்சொல்லாக இருந்தது எழுத்தாகிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமும் 2024-ல் பருவநிலை மாற்றத்தின் தீங்குகளுக்கு எதிரான உரிமை அரசியல் சாசனத்தின் 14, 21-ஆவது பிரிவுகளில் அடங்கியது என்றது. அது கானமயில் பறவைக்கும் மின்கம்பிக்கும் நடந்த வழக்கு என்பது வேடிக்கை.

சரி, எல்லாப் பழியையும் அமெரிக்கா மேல் போட்டுவிட்டு நாம் நல்லபிள்ளையாக முடியாது. குளத்துக்குள் வீடு கட்டியதும் ஓடையை அடைத்ததும் நம் ஆட்கள்தான். இன்று ஒரு வருஷத்தில் விடுகிற கரியமில வாயுவின் மொத்தக் கணக்கில் இந்தியா உலகில் மூன்றாவது இடம். ஆனால் தலைக்கு என்று வகுத்தால் இங்கே ஒருவருக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன், அமெரிக்காவில் 14 டன் போல வரும். அந்த 2 டன்னும் சராசரிதான். பழைய டிவிஎஸ் மொபெட்டில் வயலுக்குப் போகிற சித்தப்பா பங்கையும் வீட்டுக்கு மூன்று ஏசி வைத்திருப்பவர் பங்கையும் கூட்டி வகுத்த கணக்கு அது. அந்த மழை முழுக்கப் புவி சூடானதால்தான் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும், பெய்கிற நேரத்தில் அது மொத்தமாக இறங்கும். பழகிய நாலு தூற்றலை வைத்துப் பயிர் வைக்கிறவனுக்கு இதில் தப்ப வழியில்லை.

அப்புறம், குத்தகையைப் பதிவு செய்ய தமிழ்நாட்டில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. அடுத்த பிசானத்துக்கு முன்னால் சித்தப்பாவை விடாமல் நச்சரித்து, நிலத்துக்காரருக்குப் போன் போட்டுக் கேட்க வைத்தேன். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"என்னப்பா, இத்தனை வருஷம் கழிச்சு எம்மேல நம்பிக்கை இல்லாமப் போச்சா?"

"சே சே, அதெல்லாம் இல்லய்யா" என்று சொல்லிவிட்டுச் சித்தப்பா போனை வைத்தார்.