இருமலுக்கு எந்தத் தேன்?

கேள்வி: என் மகனுக்கு 2 வயது. இரவில் வறட்டு இருமல். தேன் கொடுக்கலாமா? நல்ல தேனை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கொடுக்கலாம். படுக்கும் முன் அரை டீஸ்பூன் (2.5 மி.லி.) போதும், பிறகு பல் துலக்கிவிடுங்கள். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுகூடத் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும், தசைகள் செயலிழக்கும். காய்ச்சினாலும் அவை சாகாது.

லேபிளில் தேன் மட்டுமே இருக்கட்டும். குளுக்கோஸ் பாகு, சுவையூட்டி வேண்டாம். தேன் உறைந்து மணல்மணலாவது இயல்பு, கலப்படமல்ல. தண்ணீரில் விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற சோதனைகளை நம்பாதீர்கள்: கெட்டிப் பாகும் அதில் தேறிவிடும். நுரைத்துப் புளிப்பு வாடை வந்தால் நொதித்துவிட்டது, ஒதுக்குங்கள்.

மூச்சு வாங்கினாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ தேனோடு காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.