ஓட்டு இருக்கும்போது தனி உரிமை எதற்கு?

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சைகை மொழிதான் என் மொழி. எங்களை மொழிச் சிறுபான்மையினராக ஏற்க வேண்டும் என்று எங்கள் சங்கம் கேட்கிறது. காது கேட்கும் என் அண்ணனோ, "உனக்கு ஓட்டு இருக்கிறது, சட்டம் எல்லாருக்கும் ஒன்று. கூட்டமாகத் தனி உரிமை கேட்டால் நீங்களே மற்றவர்களிடமிருந்து விலகிப் போகிறீர்கள்" என்கிறார். சங்கத்திலும் காக்ளியர் கருவி (ஒலியை உணர உதவ, அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கருவி) பொருத்தியவர்களை 'நம்மவர் இல்லை' என்று ஒதுக்குகிறார்கள். இரண்டுமே உறுத்துகிறது.

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அண்ணன் பிரிவினைக்குப் பயப்படுகிறார். அந்தப் பயம் புரிகிறது, ஆனால் அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டு இருக்கிறது, சரி. வேட்பாளர் பேசுவது புரியாமல், நீதிமன்றத்தில் தன் வழக்கே என்ன ஆகிறது என்று தெரியாமல் நிற்பவரின் குடியுரிமை முழுமையானதா?

"அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் போதுமே" என்பார். விஷயமே இங்கேதான் இருக்கிறது. மற்ற மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கள் மொழியைக் கற்றுவிடுகிறார்கள். காது கேளாத குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறப்பவர்கள். அந்தப் பெற்றோருக்குப் பெரும்பாலும் சைகை மொழி தெரியாது. பள்ளியிலும் விடுதியிலும் சங்கத்திலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுத்தான் அது அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அந்த இடங்கள் மூடிவிட்டால், மொழிபெயர்ப்பாளர் யாருக்காக மொழிபெயர்ப்பார்? தனியாள் ஒருவருக்குச் சலுகை கொடுத்து ஒரு மொழியைக் காப்பாற்ற முடியாது. அதனால்தான் கூட்டமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு நடந்தது. வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே காது கேட்பவர்கள். வாய்ப்பேச்சுவழிக் கல்வியே மேல் என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பல நாடுகளில் சைகை மொழி வகுப்பறையை விட்டுத் துரத்தப்பட்டது. காது கேளாத ஆசிரியர்கள் வேலையிழந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் குடியுரிமையைக் காகிதத்தில் யாரும் பறிக்கவில்லை, மொழியைத்தான் பறித்தார்கள். அந்தத் தீர்மானங்களை 2010-இல் கனடாவின் வான்கூவரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு நிராகரித்து வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் ஆயின.

குழு உரிமை உங்களை விலக்கி வைக்கும் என்பதும் சரியல்ல. நியூசிலாந்தில் 1987-இல் அந்நாட்டுப் பழங்குடியினரின் மாவோரி மொழியும் 2006-இல் அந்நாட்டுச் சைகை மொழியும் ஆட்சிமொழி ஆயின. இரண்டு சட்டங்களும் தந்த முக்கியமான உரிமை, நீதிமன்றத்தில் அந்த மொழியைப் பயன்படுத்தலாம் என்பது. எல்லாருக்கும் பொதுவான நீதிமன்றத்துக்குள் நுழைய வழி கிடைத்தது. ஃபின்லாந்து அரசியலமைப்பும் சாமி என்ற பழங்குடியினர், ரோமா என்ற சிறுபான்மையினர் ஆகியோரின் மொழியுரிமையைச் சொல்லும் அதே பிரிவில் சைகை மொழி பேசுவோரையும் சேர்த்திருக்கிறது.

மாற்றுத்திறனாளியா, மொழிச் சிறுபான்மையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, மொழிபெயர்ப்பாளர் வசதியையும் சொல்கிறது, காது கேளாதோரின் மொழி அடையாளத்தையும் பண்பாட்டையும் அங்கீகரிக்கச் சொல்கிறது.

அப்புறம் உங்கள் சங்கம். இதில் எனக்குக் கோபமே வருகிறது. கனடாவைச் சேர்ந்த அரசியல் தத்துவ அறிஞர் வில் கிம்லிக்கா ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். வெளியிலிருந்து வரும் அழுத்தத்திலிருந்து ஒரு குழு தன்னைக் காத்துக்கொள்வது நியாயம். அதே உரிமையை வைத்துத் தன் உறுப்பினர்களையே கட்டுப்படுத்துவது நியாயமில்லை. காக்ளியர் கருவி பொருத்தியவர்களில் பலருக்கு அந்த முடிவைச் சிறு வயதிலேயே பெற்றோர் எடுத்திருப்பார்கள். கருவியைக் கழற்றினால் அவர்களுக்கும் காது கேட்காது. சைகை மொழி வேண்டும் என்று வருகிறவரை ஒதுக்கிவிட்டு, எந்த மொழியைக் காக்கப் போகிறது சங்கம்?

அடுத்த பொதுக்குழுவில் நீங்களே ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள்: கருவி இருக்கிறதா இல்லையா என்பது உறுப்பினர் தகுதிக்குத் தடையாகக் கூடாது. கூடவே, குடும்பத்தினருக்கு வாராந்தரச் சைகை மொழி வகுப்பு ஒன்றையும் கேளுங்கள். முதல் வகுப்புக்கு அண்ணனைக் கூப்பிடுங்கள்.