கேட்வே கேள்வி பதில்: மீட்டர் செத்தும் எண் சாகவில்லை

மாட்பஸ், புரோஃபிபஸ், புரோஃபிநெட் மூன்றும் தொழிற்சாலைக் கருவிகள் தமக்குள் பேசும் மொழிகள். ஒன்றை இன்னொன்றுக்கு மொழிபெயர்க்கும் பெட்டிதான் கேட்வே. இவற்றின் நடுவே கேட்வே போடுவது பற்றிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: மாட்பஸ் ஆர்டியுவில் (சீரியல் ஒயரில் ஓடும் மாட்பஸ்) 20 மீட்டர்கள், 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்). கேட்வே வழியாகப் புரோஃபிநெட் பிஎல்சிக்கு (இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர்) வருகிறது. அங்கே 4 மில்லிசெகண்ட் அப்டேட் வைத்தும் எண் மாற 1 செகண்டுக்கு மேல் ஆகிறது. கேட்வே மட்டமா சார்?

பதில்: கேட்வேயைத் திட்டுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். ஸ்டார்ட், பாரிட்டி, ஸ்டாப் எல்லாம் சேர்த்து ஒரு பைட்டுக்கு 11 பிட். 9600-இல் அது சுமார் 1.15 மில்லிசெகண்ட். 10 ரெஜிஸ்டர் (மீட்டரில் எண் உட்காரும் 2 பைட் இடம்) படிக்க, கேள்வி 8 பைட், பதில் 25 பைட். ஆக 38 மில்லிசெகண்ட். ஒரு ஃப்ரேமுக்கும் (முழுச் செய்திக்கும்) அடுத்ததற்கும் நடுவே 3.5 எழுத்து நேர மௌனம், மீட்டர் யோசிக்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் 50-ஐத் தொடும். 20 மீட்டருக்கு 1 செகண்ட். உங்கள் பிஎல்சி கேட்வேயின் மெமரியில் கிடக்கும் ஒரே எண்ணை 250 முறை படித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு மீட்டர் ஆஃப் ஆனால்? டைம் அவுட் 1 செகண்ட், ரீட்ரை 2 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் 3 செகண்ட் வீண். செத்த ஒருவனுக்காக மீதி 19 பேரும் காத்திருப்பார்கள். பாட் ரேட்டைக் கூட்டுங்கள். அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களை ஒரே கேள்வியில் அள்ளுங்கள், 125 வரை முடியும். மீட்டர் சட்டென்று பதில் சொல்வதாக இருந்தால் டைம் அவுட்டை 300 மில்லிசெகண்டுக்கு இறக்குங்கள்.

அப்புறம் முக்கியமானது: செத்த மீட்டரின் கடைசி எண்ணைப் பல கேட்வேக்கள் அப்படியே வைத்திருக்கும். எந்த மீட்டர் பதில் சொல்கிறது, எது சொல்லவில்லை என்று கேட்வே குறித்து வைக்கும் ஸ்டேட்டஸ் பைட்டையும் பிஎல்சிக்கு எடுங்கள்.

கேள்வி: மீட்டர் மேனுவலில் ரெஜிஸ்டர் எண் 40001. கேட்வேயில் என்ன போடுவது?

பதில்: ஃபங்ஷன் (என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை எண்) 03, முகவரி 0. சில கேட்வேக்கள் 1 என்று கேட்கும். முன்னால் நிற்கும் 4 என்ற இலக்கம் ஒயரில் போவதே இல்லை.

கேள்வி: 230.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஜீரோ, அதுவும் மைனஸ் போட்டு.

பதில்: வேர்டு, அதாவது எண்ணின் முன்பாதியும் பின்பாதியும், இடம் மாறியிருக்கிறது. 230.5 ஃப்ளோட்டில் (தசம எண்ணை 4 பைட்டில் எழுதும் முறை) ஹெக்ஸாக 4366 8000. அதையே 8000 4366 என்று படித்தால் ஜீரோவை ஒட்டிய ஒரு மைனஸ் எண்தான் வரும். கேட்வேயிலோ பிஎல்சியிலோ ஒரு பக்கம் மட்டும் ஸ்வாப் செய்யுங்கள் (இடம் மாற்றுங்கள்). இரண்டு பக்கமும் செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

கேள்வி: 40108-க்கு 107-ஆ 108-ஆ?

பதில்: மேலே 40001 பதிலைப் பாருங்கள்.

கேள்வி: மோட்டார் டிரைவுக்கு ஸ்பீடு, ராம்ப் டைம் (வேகம் ஏற எடுக்கும் நேரம்) இரண்டையும் 100 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை எழுதுகிறேன். சரியா?

பதில்: ஸ்பீடு சரி. ராம்ப் டைம் ஈஈப்ராமில் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) உட்காரும் ரெஜிஸ்டரா என்று மேனுவலில் பாருங்கள். 1,00,000 முறை எழுதத் தாங்கும் சிப் என்றால் இந்த வேகத்தில் 3 மணி நேரம்கூட வராது. எண் மாறும்போது மட்டும் எழுத வையுங்கள்.

கேள்வி: பழைய எண் ஆபத்து என்கிறீர்கள். தொடர்பு அறுந்தால் ஜீரோ அனுப்பு என்று வைத்தால் தீர்ந்ததே?

பதில்: டேங்க் மட்டம் ஜீரோ என்று பிஎல்சி நம்பினால் பம்ப் ஓடும், டேங்க் வழியும்.

அதே நண்பர்: சரி, 9999 அனுப்பலாமே?

பதில்: திரையில் பார்ப்பவருக்குப் புரியும். சராசரி போடும் புரோகிராமுக்குப் புரியாது.

அதே நண்பர்: எதற்கு இவ்வளவு? தொடர்பு போனால் பிஎல்சியே ஃபால்ட் காட்டுமே.

பதில்: அங்கேதான் ஏமாறுகிறோம். பிஎல்சிக்குத் தெரிந்தது கேட்வே மட்டும்தான். கேட்வே உயிரோடு இருக்கிறது, நேரத்துக்குப் பதில் சொல்கிறது, ஃபால்ட் எதற்கு வரும்? பின்னால் இருக்கும் மீட்டரைப் பற்றிச் சொல்ல ஸ்டேட்டஸ் பைட்டில் இருக்கும் அதன் பிட் ஒன்றுதான் உண்டு. பழைய எண்ணோ ஜீரோவோ, அந்த பிட் இல்லாமல் இரண்டும் பொய். அது விழுந்தால் பம்ப் நிற்க வேண்டுமா ஓட வேண்டுமா என்பதைப் பிஎல்சியில் நீங்கள் முடிவு செய்யுங்கள். கேட்வேக்கு டேங்க் பற்றி எதுவும் தெரியாது.

கேள்வி: புரோஃபிபஸ் கேபிள் முனையில் மாட்டும் ரெசிஸ்டர் 120 ஓம் போதுமா?

பதில்: போதாது. 220 ஓம், கூடவே இரண்டு 390. கனெக்டருக்குள்ளேயே இருக்கும். இரு கோடியிலும் மட்டும் ஸ்விட்சை ஆன் செய்யுங்கள்.

கேள்வி: எமர்ஜென்சி ஸ்டாப்பை மாட்பஸ் கேட்வே வழியாக அனுப்பலாமா?

பதில்: கூடாது. தனி ஒயர் இழுங்கள்.

கேள்வி: 30001 என்றால்?

பதில்: ஃபங்ஷன் 04. மற்றபடி அதே கதை. முகவரிக் கேள்வி இனி வேண்டாம்.

கேள்வி: சார், கேட்வேயில் எல்லா விளக்கும் பச்சை. பிஎல்சியிலும் ஃபால்ட் இல்லை. ஆனால் ஒரு மீட்டரின் யூனிட் மட்டும் நேற்றிலிருந்து நகரவே இல்லை.

பதில்: ஸ்டேட்டஸ் பைட்டை எடுத்தீர்களா?