பறவைக் காய்ச்சல் நிமோனியாவில் மார்புப் படங்கள்: கேள்வி பதில்

பறவைக் காய்ச்சலால் ஏற்படும் கடும் நிமோனியாவை எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடுவது குறித்து வந்த கேள்விகளுக்குக் கதிரியல் மருத்துவர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். தனிப்பட்ட நோயாளிகளின் படங்களை அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டாம். நோயாளியை நேரில் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் கருத்து நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்யும்.

கேள்வி (மருத்துவ மாணவி): எச்5என்1, எச்7என்9 ஆகிய பறவைக் காய்ச்சல் வைரஸ்களால் வரும் நிமோனியா படத்தில் எவ்வாறு தோன்றும்?

பதில்: சி.டி.யில் இரண்டு தோற்றங்களைத் தேடுங்கள். ஒன்று, மங்கிய கண்ணாடி போன்ற படலம். இதனூடே இரத்தக் குழாய்களின் வடிவம் தெரியும். மற்றொன்று, குழாய்களையே மறைத்துவிடும் அடர்ந்த வெண்மை. இங்கே காற்றறைகள் திரவத்தாலும் அழற்சி உயிரணுக்களாலும் நிரம்பிவிட்டதால், காற்று எஞ்சியிருக்கும் மூச்சுக்கிளைகள் மட்டும் கருங்கோடுகளாகத் தெரியும். 2013 மார்ச் இறுதியில் சீனாவில் அறிவிக்கப்பட்ட எச்7என்9 நோயாளிகளிடம் இவ்விரண்டும் சேர்ந்தே காணப்பட்டன; நுரையீரலின் கீழ்ப்பிரிவுகளான கீழ்மடல்கள், குறிப்பாக வலது கீழ்மடல், அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. எச்5என்1 நோயாளிகளில் பல இடங்களில் பரவிய வெண்மையுடன் நுரையீரல் உறையில் நீர், காற்றுப் பைகள், குழிவுகள் ஆகியவையும் விவரிக்கப்பட்டுள்ளன.

ஆனால் இத்தோற்றங்களை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது வேகம். ஒரு மடலில் தொடங்கிய வெண்மை இரண்டு மூன்று நாள்களில் இரு நுரையீரல்களையும் பற்றிக்கொள்வதே இந்நோயின் கடும் வடிவத்தின் இயல்பு. வியட்நாமில் எச்5என்1 நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்தபோது, நோய் தொடங்கி ஏழாம் நாள் வாக்கில் காணப்பட்ட பாதிப்பின் அளவு, யார் பிழைப்பார், யார் பிழைக்க மாட்டார் என்பதோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ஆகவே படத்தைக் கையில் எடுத்தவுடன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது நோயின் எத்தனையாவது நாளில் எடுக்கப்பட்டது என்பதுதான். நாள் தெரியாத படத்தை வைத்துக் கடுமையை மதிப்பிட முயலாதீர்கள்.

கேள்வி: படத்தைப் பார்த்தே இது பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்ய முடியுமா?

பதில்: முடியாது. பருவக் காய்ச்சல், கொரோனா, சில பாக்டீரியா நிமோனியாக்கள் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும். வைரஸை அடையாளம் காட்டுவது ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையே. இந்த வைரஸ்கள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனிதரின் கீழ்மூச்சுப் பாதையில்தான் மிகுதி என்பதால், தொண்டையிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை என்று வந்தாலும் நிமோனியா கடுமையாக இருந்தால் கீழ்மூச்சுப் பாதையிலிருந்து மாதிரி எடுத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

கேள்வி (நோயாளியின் உறவினர்): சி.டி. மதிப்பெண் 25-க்கு 17 என்று அறிக்கையில் உள்ளது. உயிருக்கு ஆபத்தா?

பதில்: உங்கள் கவலை புரிகிறது, ஆயினும் அந்த எண்ணை மட்டும் வைத்து ஆபத்து உண்டு என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. ஐந்து மடல்களுக்கும் தலா 0 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள்: 5 விழுக்காட்டுக்கும் குறைவான பாதிப்புக்கு 1, 75 விழுக்காட்டுக்கு மேற்பட்டதற்கு 5. இது எவ்வளவு பரப்பு பாதிக்கப்பட்டுள்ளது என்பதைத்தான் சொல்கிறது. மெல்லிய படலமும் அடர்ந்த வெண்மையும் இக்கணக்கில் ஒன்றாகிவிடுகின்றன. கொரோனா நோயாளிகளை வைத்துப் பரவலான இம்முறையைப் பறவைக் காய்ச்சலுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது. நோயின் நான்காம் நாளில் வந்த 17-ம், மூன்றாம் வாரத்தில் 22-லிருந்து இறங்கி வந்த 17-ம் முற்றிலும் வேறு செய்திகள். சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: ஆக்ஸிஜன் தேவை நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் மாற்றம் என்ன?

கேள்வி: படம் வரும்வரை மருந்தைத் தள்ளிவைக்கலாமா?

பதில்: கூடாது. பறவைக் காய்ச்சல் என்ற ஐயம் வலுவாக இருந்தால் ஓசெல்டாமிவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தை உடனே தொடங்க வேண்டும். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறப்பு. கடும் நோயாளிக்கு அதன் பின்னரும் கொடுக்கப்படுகிறது. ஸ்கேனுக்கோ பரிசோதனை முடிவுக்கோ காத்திருந்து ஒரு நாளை இழப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

கேள்வி (தீவிர சிகிச்சை மருத்துவர்): படுக்கையருகிலேயே அல்ட்ராசவுண்ட் செய்ய முடிகிறபோது, இந்நோயாளிகளுக்குச் சி.டி. எதற்கு? அது கதிரியலாளர்களின் பழக்கம் மட்டுமே என்பது என் கருத்து.

பதில்: பாதி உண்மை. நுரையீரலைப் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 36 என்று மதிப்பிடும் அல்ட்ராசவுண்ட் முறை பயனுள்ளது. கதிர்வீச்சு இல்லை, நோயாளியை நகர்த்த வேண்டியதும் இல்லை. கடும் மூச்சுத்திணறல் நோய்க்குறிக்கான 2023-ஆம் ஆண்டின் உலகளாவிய வரையறையும் அல்ட்ராசவுண்டை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் ஒலியலை காற்றை ஊடுருவாது. நுரையீரலின் மேற்பரப்பைத் தொடாத நோய் அதற்குத் தெரியாது. தோலுக்கடியில் காற்று கசிந்துவிட்டால் எதுவுமே தெரியாது. செயற்கை சுவாசத்தில் இருப்பவருக்கு அது நேரக்கூடும்.

அதே மருத்துவர்: தோலுக்கடியில் காற்று கசிவது சிலருக்குத்தான். சி.டி. அறைக்குக் கொண்டுசெல்லும் வழியில் ஆக்ஸிஜன் சரிந்ததை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். தொற்று பரவும் அபாயம் வேறு. எக்ஸ்ரே தெளிந்து வரும் நோயாளிக்கும் சி.டி. கேட்கிறார்கள்.

பதில்: கொண்டுசெல்வதன் ஆபத்தை நான் மறுக்கவில்லை; எந்தப் படத்தையும்விட நோயாளியின் உயிர் பெரிது. ஆனால் "எக்ஸ்ரே தெளிந்து வருகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பதில்தான் என் கவலை உள்ளது. வென்டிலேட்டரில் மூச்சு இறுதி அழுத்தத்தை, அதாவது மூச்சை வெளிவிட்ட பின்னும் நுரையீரலில் நிறுத்திவைக்கும் அழுத்தத்தை, கூட்டியவுடன் சுருங்கிய காற்றறைகள் விரிந்து, நுரையீரல் தெளிந்துவிட்டதுபோலக் கறுத்துத் தெரியும். நோய் இம்மியும் குறைந்திருக்காது. மறுதலையாக, நீர்மம் அதிகம் ஏற்றப்பட்டாலோ முழுமூச்சு இழுக்காத நிலையில் படம் எடுக்கப்பட்டாலோ, நோய் மாறாதபோதும் வெண்மை கூடித் தோன்றும். படுத்த நிலையில், முன்பக்கத்திலிருந்து எடுக்கும் எக்ஸ்ரே இதயத்தையும் பெரிதாக்கிக் காட்டும். எனவே படுக்கையருகே கொண்டுவரும் கருவியால் எடுக்கும் ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் நேரத்தோடு வென்டிலேட்டர் அழுத்தத்தையும் எழுதி அனுப்புங்கள். அவையின்றி வந்தால் என் அறிக்கை பாதி ஊகமாகிவிடும்.

கேள்வி (மயக்க மருத்துவர்): நானும் இதில் கலந்துகொள்கிறேன். அப்படியானால் எப்போதுதான் சி.டி. எடுப்பது?

பதில்: விடை சிகிச்சையை மாற்றும் என்றால் மட்டும். எக்ஸ்ரேயில் தெரியாத காற்றுக்கசிவு சந்தேகிக்கப்படும்போதும், மீண்டும் காய்ச்சல் ஏறி குழிவு உண்டா என்று அறிய வேண்டியபோதும், படத்தில் காணப்படும் பாதிப்புக்கு மிஞ்சிய ஆக்ஸிஜன் குறைவு இருக்கும்போதும் எடுக்கலாம். கடைசியாகச் சொன்ன நிலையில் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி உள்ளதா என்று இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் மாறுபடுத்து மருந்து செலுத்திப் பார்க்க வேண்டும். அதற்கு அல்ட்ராசவுண்ட் ஈடாகாது. "ஒருமுறை பார்த்துவிடுவோமே" என்று அனுப்பப்படும் சி.டி.க்களை நிறுத்த வேண்டும் என்பதில் உங்கள் இருவருடனும் உடன்படுகிறேன். எக்ஸ்ரேயும் நாள்தோறும் கட்டாயமில்லை. சுவாசக் குழாய் போன்றவற்றைப் பொருத்திய பின்னும் நோயாளியின் நிலை மாறும்போதும் எடுத்தால் போதும்.

தீவிர சிகிச்சை மருத்துவர்: நேரத்தையும் அழுத்தத்தையும் எழுதுவதை ஏற்கிறேன். சி.டி. பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

பதில்: சரி. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயை வைத்துப் பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கலாமா?

பதில்: இரண்டாம் கேள்விக்கான பதிலைப் பார்க்கவும்.

கேள்வி: எக்ஸ்ரே இயல்பாக இருந்தால் பறவைக் காய்ச்சல் இல்லை என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. படம் வைரஸைக் காட்டுவதில்லை என்பதை இத்துடன் மூன்றாவது முறை எழுதுகிறேன். 2024-இல் அமெரிக்கப் பால்பண்ணைத் தொழிலாளர்களுக்கு எச்5என்1 தொற்றியபோது பெரும்பாலோருக்குக் கண் சிவப்பும் லேசான அறிகுறிகளுமே இருந்தன, நிமோனியா இல்லை. கடும் நோயாகப் போகிறவர்களிடமும் முதல் ஓரிரு நாள்களில் படம் தெளிவாக இருக்கலாம்.

கேள்வி: கோழி இறைச்சி உண்ணலாமா?

பதில்: என் துறை அல்ல, பொது சுகாதாரத் துறையினரிடம் கேட்கவும்.

கேள்வி (கர்ப்பிணி): கதிர்வீச்சுக்கு அஞ்சி எக்ஸ்ரேயை மறுக்கலாமா?

பதில்: வேண்டாம். மார்பு எக்ஸ்ரேயின் அளவு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், அல்லது அதற்கும் குறைவு. இயற்கையிலிருந்தே மனிதர் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார். கருப்பை கதிர்க்கற்றைக்கு வெளியே இருப்பதால் சிசுவை அடைவது மிகச் சொற்பமே. கடும் நிமோனியாவைக் கவனிக்காமல் விடுவதுதான் தாய்க்கும் சிசுவுக்கும் பேராபத்து.

கேள்வி: சற்றுத் தேறியவருக்கு இரண்டாம் வாரத்தில் மீண்டும் காய்ச்சல். படத்தில் புதிய வெண்மை. வைரஸ் திரும்பிவிட்டதா?

பதில்: பாக்டீரியாத் தொற்றை முதலில் நினையுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் என்னும் பாக்டீரியா இவ்வாறு வந்தால் வெண்மையின் நடுவே குழிவும், உறையில் சீழும் தோன்றும். ஸ்டீராய்டு பெற்றவருக்குப் பூஞ்சைத் தொற்றும் ஏற்படலாம். புதிய வெண்மை எங்கே, எந்த நாளில் தோன்றியது என்று பழைய படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்து, சளியைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: குணமடைந்து வீடு திரும்பிய பின் படத்தில் கோடுகள் உள்ளன. இவை தழும்புகளா?

பதில்: உடனே அப்படிச் சொல்ல வேண்டாம். படலங்களும் கோடுகளும் கரைய மாதங்கள் ஆகும். சிலருக்கே, குறிப்பாக நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு, நிலையான தழும்பு எஞ்சும். சில மாதங்கள் கழித்துக் குறைந்த கதிரளவில் ஒரு சி.டி. எடுத்து ஒப்பிடலாம். மூச்சுவாங்கல் தொடர்ந்தால் அதோடு நுரையீரல் செயல்திறன் சோதனையும் செய்துகொள்ளுங்கள். வீடு திரும்பிய நாளில் எடுத்த படத்தின் நகலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.